இந்த வயதில் லடாக் எதற்கு சார்?



பதினைந்து நாளாக வீட்டில் போன் ஓயவில்லை. "சார், லடாக் போறீங்களாமே, அதுவும் புல்லட்லயா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்கிறார்கள். "மாமாவுக்கு என்ன ஆச்சு? நீங்களாவது சொல்லக்கூடாதா அக்கா?" என்று சொந்தக்காரர்கள் என் மனைவியிடம் கேட்கிறார்கள். இரண்டாவது வகைப் போன் வந்தால் அன்றைக்கு முழுக்க வீட்டில் பேச்சு குறைந்துவிடுகிறது. அதனால் ஒரே தடவையாக எல்லோருக்கும் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நான் பேசியதையே நாற்பது நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

முதலில் ஏன் போகிறேன் என்று சொல்கிறேன். 34 வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். அதில் வருடம் தவறாமல் வந்த பாடம் இமயமலை. கரும்பலகையில் மூன்று வளைகோடு போட்டு, மேலே ஹிமாத்ரி, நடுவில் ஹிமாச்சல், கீழே சிவாலிக் என்று எழுதுவேன். சிந்து நதி கயிலாயத்துக்குப் பக்கத்தில் பிறந்து லடாக் வழியாகப் போகிறது என்று நீல சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பேன். டெத்திஸ் என்று ஒரு கடல் இருந்தது, இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியது, கடலடி மண்தான் மடிந்து மலையாக எழுந்தது, இன்றைக்கும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் முட்டிக்கொண்டே இருக்கிறது என்று சொல்வேன். நீங்களும் எழுதி மார்க் வாங்கினீர்கள். ஆனால் சொல்லிக் கொடுத்தவன் அந்த மலையைப் பார்த்ததில்லை. நான் பார்த்த பெரிய மலை, சின்ன வயதிலிருந்து, எங்கள் சுவாமிமலைதான். அதுவும் இயற்கை மலை இல்லை, கட்டுமலை. 60 படி. சுற்றிலும் வயல். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரம். நான் போக நினைக்கும் கணவாய்கள் 5,300 மீட்டருக்கு மேல்.

"பார்க்கணும்னா பிளைட்ல போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று தம்பி மகன் சொன்னான். நியாயமான கேள்வி. ஆனால் புவியியல் வாத்தியாருக்கு மலையின் உச்சி மட்டும் போதாது. மழை எந்த இடத்தில் நிற்கிறது, மரம் எந்த உயரத்தில் முடிகிறது, மண் எங்கே நிறம் மாறுகிறது என்று தரையோடு தரையாகப் பார்க்க வேண்டும். சோன்மார்க் வரைக்கும் பச்சைப் பசேல் என்று இருக்கும் நிலம், சோஜி லா கணவாயைத் தாண்டியதும் மொட்டைப் பாறையாகிவிடுமாம். மழை மறைவுப் பிரதேசம் என்று உங்களுக்கு நடத்தினேனே, அது இதுதான். கும்பகோணத்தில் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்கிற மழை, லேவில் சுமார் 100 மில்லிமீட்டர்தான். இடையில் நிற்பது மலை. விமானத்தில் போனால் இது தெரியாது. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாததால் பஸ்ஸிலும் தெரியாது.

அடுத்த கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஆசிரியர்களாக இருந்தவர்கள் உங்களில் சிலர். தகப்பனுக்கே பாடம் சொன்ன சாமியின் ஊர் இது. இங்கே மாணவனிடம் வாத்தியார் கற்பது புதிதில்லை. அவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர் எழுதவில்லை.

முதல் ஆசிரியர், கும்பகோணத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் 1998 செட் மாணவர். என் வண்டி 2012-இல் வாங்கிய புல்லட் 350. "வண்டி நல்ல வண்டி சார். ஆனா நடுக்காட்டுல நின்னா நானா வரப்போறேன்? நீங்களே கழட்டி மாட்டக் கத்துக்குங்க" என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய வேட்டியோடு போய்ப் பட்டறைத் தரையில் உட்கார்ந்தேன். பின்சக்கரத்தைக் கழற்றுவது, டயர் லிவரால் டியூபை வெளியே எடுப்பது, தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடிப்பது, ஒட்டுப் போடுவது, திரும்ப மாட்டுவது. முதல் தடவை இரண்டே கால் மணி நேரம் ஆனது. போன வாரம் ஐம்பது நிமிடம். "பாஸ் சார், ஆனா டிஸ்டிங்ஷன் இல்ல" என்று சிரிக்கிறார்.

கிளட்ச் கேபிளையும் ஆக்ஸிலேட்டர் கேபிளையும் கூடுதலாக ஒவ்வொன்று வாங்கி, இப்போது இருக்கும் கேபிளின் ஓரமாகவே இழுத்து டேப் போட்டு ஒட்டிவைத்துவிட்டார். அறுந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு டியூப், ஸ்பார்க் பிளக், பியூஸ், செயின் லாக், பிரேக் ஷூ, பெட்ரோல் குழாய், கையால் அடிக்கும் காற்றுப் பம்பு, எம்சீல், கட்டுக்கம்பி எல்லாம் ஒரு சாக்குப் பையில் தயாராக இருக்கிறது.

அவரிடம் கற்ற இன்னொன்று சுவாரசியமானது. என் வண்டி கார்புரேட்டர் வண்டி. உயரத்தில் காற்று லேசாகிவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கொடுத்த அளவு பெட்ரோலையே கொடுக்கும். பெட்ரோல் கூடி, காற்று குறைந்து, பிளக் கறுத்து, வண்டி இழுக்காமல் திணறும். "நமக்கு மூச்சு வாங்குற மாதிரியே அதுக்கும் மூச்சு வாங்கும் சார். அடிச்சு முறுக்கக் கூடாது. கியரைக் குறைச்சு அது போற வேகத்துல விடணும்." இப்போது வரும் புது வண்டிகளில் பெட்ரோல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. என் வண்டிக்கு அது இல்லை. சாவி கொடுத்த நாளிலிருந்து பழகிய வண்டி என்பதால் மாற்ற மனம் வரவில்லை.

புல்லட்டுக்கும் நம் மாநிலத்துக்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன். எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி அது. 1955-இல் சென்னையில் அதற்கான கம்பெனி தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ஆக, இமயமலைக்கும் நம்ம ஊர் இரும்புக்கும் பழக்கம் பழையது.

இரண்டாவது ஆசிரியர் தஞ்சாவூரில் மருத்துவராக இருக்கும் மாணவி. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. காலையில் ஒரு மாத்திரை. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு உயரம் போகலாமா என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடங்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை, கண் எல்லாம் பார்க்கச் சொன்னார். டிரெட்மில்லில் ஓடும்போது எனக்கு இருந்த பயம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்றைக்குக்கூட இருந்ததில்லை. அவர் 'வேண்டாம் சார்' என்றால் அந்த நிமிடமே விட்டுவிடுவது என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "போகலாம் சார். ஆனா நான் சொல்ற வேகத்துலதான் போகணும்" என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். உங்களில் பலரும் இப்போது குடும்பத்தோடு லடாக் போகிறீர்கள், உதவும். லே 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் நம் ஊரில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 5,300 மீட்டரில் ஏறத்தாழப் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் எடுக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது முதல் எச்சரிக்கை. அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உயிருக்கு ஆபத்து. ராத்திரியாக இருந்தாலும் உடனே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மது, தூக்க மாத்திரை கூடாது. அசிட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை உண்டு. எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் யாரும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது.

இளவட்டங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நல்ல உடற்கட்டு இருந்தால் இந்த மலை நோய் வராது என்று நினைக்காதீர்கள். வேகமாக ஏறுகிறவனுக்கு வரும். அவன் இருபது வயதாக இருந்தாலும் வரும். இந்த விஷயத்தில் மெதுவாகப் போகும் கிழவனுக்குக் கொஞ்சம் லாபமே உண்டு.

மூன்றாவது ஆசிரியர் என்னோடு வரப்போகிறவர். 2000 செட். பள்ளி முடித்து ராணுவத்தில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்போது விவசாயம் பார்க்கிறார். லேவில் மூன்று வருடம் இருந்தவர். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் மூன்றாவது ஆள். மூன்று பேர், மூன்று வண்டி. தனியாகப் போகிறேன் என்று யாரோ கிளப்பிய செய்தி பொய்.

ராணுவத்தில் லேவுக்குப் புதிதாக வரும் வீரனை நேராக வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். முதல் கட்டம் ஆறு நாள், அதற்கு மேல் உயரத்துக்கு இன்னும் நான்கு நாள், அதற்கும் மேல் இன்னும் நான்கு நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். "இருபத்தி ரெண்டு வயசுப் பையனையே படுக்க வச்சுருவாங்க சார். நாம மட்டும் இறங்கின அன்னைக்கே வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா எப்படி?" என்றார்.

அவர் சொன்னதால்தான் வழியை மாற்றினோம். லேவுக்கு இரண்டு சாலை உண்டு. மணாலியிலிருந்து ஒன்று, ஸ்ரீநகரிலிருந்து ஒன்று. இளைஞர்கள் அதிகம் விரும்புவது மணாலி வழி. அந்த வழியில் மணாலி சுமார் 2,000 மீட்டர். மறுநாள் ராத்திரி சர்ச்சுவில் தங்கினால் அது 4,200 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் தூங்கும் உயரம் 2,000 மீட்டருக்கு மேல் கூடுகிறது. மருத்துவர் சொன்ன கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். ஸ்ரீநகர் வழியில் ஸ்ரீநகர் 1,600, சோன்மார்க் 2,700, அடுத்து சோஜி லா கணவாயை 3,528-இல் தாண்டி இறங்கிக் கார்கிலில் தூங்கினால் மறுபடி 2,700. பிறகு 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைத் தாண்டி லேவுக்கு வந்தால் 3,500. பகலில் உயரம் ஏறுகிறோம், ராத்திரி இறங்கித் தூங்குகிறோம். அதனால் போவது ஸ்ரீநகர் வழி, உடம்பு பழகிய பிறகு திரும்புவது மணாலி வழி.

வழியில் திராஸ். அங்கே டோலோலிங் மலையடிவாரத்தில் கார்கில் போர் நினைவிடம் இருக்கிறது. கார்கிலிலிருந்து பிரிகிற சாலையில் படாலிக். நம் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று வீரமரணம் அடைந்த பகுதி அது. திருச்சியில் அவர் நினைவுச் சின்னத்தைப் பலமுறை கடந்து போயிருக்கிறோம். திராஸில் இறங்கி ஒரு வணக்கம் செலுத்தாமல் போகக் கூடாது என்பது ஹவில்தாரின் கட்டளை.

இனி ஒரு கணக்கு. எட்டாம் வகுப்புக் கணக்குதான். லேயிலிருந்து மணாலி திரும்பும்போது, லேயை ஒட்டிய கடைசி பங்கை விட்டால் அடுத்து பெட்ரோல் கிடைப்பது தாண்டியில். தாண்டி பங்கில் எதிர்த்திசையில் போகிறவர்களுக்காக 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று பலகையே வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் பிடிப்பது சுமார் 13 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 35 கொடுக்கும். சுமையோடு மலையேறினால் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 x 25 = 325. நாற்பது கிலோமீட்டர் குறைகிறது. அதனால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று. அதையும் முழுக்க நிரப்பக் கூடாது. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேன் உப்பும். மேலே கொஞ்சம் இடம் விட்டு, மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும்.

சமவெளியில் ஓட்டுவது எங்கே குறைகிறது தெரியுமா? ஜம்மு வரைக்கும் வண்டிகள் ரயிலில் வருகின்றன. லாரிகளுக்கு நடுவே தேசிய நெடுஞ்சாலையில் ஒரு வாரம் ஓட்டுவதைக் காட்டிலும் மலைப்பாதை மேல் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். பார்சலில் போட பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, கோணி சுற்றி, ஆர்.சி. நகல் கொடுக்க வேண்டும். ஆர்.சி. ஓட்டுகிறவர் பெயரிலேயே இருப்பது நல்லது. இன்னொன்று, நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. நான் போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டேன்.

பயிற்சிக்கு வருவோம். தஞ்சைச் சமவெளியில் மலைச்சாலைக்கு எங்கே போவது? ஏற்றம் என்றால் நமக்கு ரயில்வே மேம்பாலம்தான். அதனால் பரீட்சை அட்டவணை போட்டுக்கொண்டேன். காலாண்டு, கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. சுமை ஏற்றிய பைகளோடு ஏறி இறங்கினோம். லடாக்கில் புகழ்பெற்ற காட்டா லூப்ஸில் 21 வளைவுதான் என்று தெரிந்ததும் கொல்லிமலை மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அரையாண்டு, ஊட்டி. தொட்டபெட்டா 2,637 மீட்டர், நம் மாநிலத்தின் உயரமான சிகரம். அங்கே மழையிலும் குளிரிலும் ஓட்டிப் பார்த்தோம். கை விறைத்து பிரேக் பிடிக்கவே தாமதமானது. ரப்பர் கையுறையை உள்ளே போட்டு, மேலே தோல் கையுறை போடும் உபாயத்தை அங்கேதான் ஹவில்தார் காட்டினார்.

தினசரிப் பயிற்சி நம்ம ஊர்க் கோயில் படி. அறுபது தமிழ் வருடங்களுக்கு அறுபது படி. விடியற்காலையில் பத்து முறை ஏறி இறங்குகிறேன். பூக்கடை அம்மா ஒரு வாரம் பார்த்துவிட்டு, "பெரிய வேண்டுதலா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வயதுக் கணக்கில் அறுபதும் முடிந்து புதுச் சுற்றில் இரண்டு படி ஏறியிருக்கிறேன்.

சேற்றில் ஓட்டுவதற்கு மட்டும் நம் ஊரை மிஞ்ச முடியாது. மழைக்குப் பிறகு வாய்க்கால் கரையில் ஓட்டிப் பழகினேன். மலையில் பனி உருகி வரும் ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடும். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறப் பனி உருகி மத்தியானம் முழங்காலுக்கு வந்துவிடுமாம். காலையிலேயே கடந்துவிட வேண்டும். முதல் கியர், சீரான வேகம், நடுவில் கிளட்சைத் தொடக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படும் அத்தைமார்களுக்கு: லேவில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசி வேக நேரமாகும். கணவாய்க்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, குக்கர் இல்லாமல் சோறு வடிக்க நினைப்பது வீண் வேலை. அவல் கொண்டுபோகிறேன். ஊறினால் போதும். கூடவே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். வாய்க்குமட்டலுக்கு உப்பு நார்த்தங்காய். டெல்டாக்காரன் எங்கே போனாலும் பட்டினி கிடக்க மாட்டான்.

சிற்பக்கூடம் வைத்திருக்கும் மாணவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். பஞ்சலோகத்தில் சிலை வார்க்கும் பரம்பரை. ஒருநாள் அவர் பட்டறையில் உட்கார்ந்து, லேவில் இத்தனை நாள் சும்மா படுத்துக் கிடக்க வேண்டுமே என்று அங்கலாய்த்தேன். அவர் நிழலில் காய்ந்துகொண்டிருந்த அச்சுகளைக் காட்டினார். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண் பூசியவை. "இது ஈரம் போகக் காயணும் சார். உள்ள துளி ஈரம் இருக்கும்போது உலோகத்தை ஊத்தினா ஆவி கிளம்பி அச்சு வெடிச்சிடும். மேல தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும். நாள் கணக்குதான் நம்பணும்" என்றார். அதற்குப் பிறகு லேவில் மூன்று நாளாக வைத்திருந்த ஓய்வை ஆறு நாளாக்கினேன்.

இனி எழுதத் தயங்கியதை எழுதுகிறேன். நீங்கள் 'அம்மா' என்று கூப்பிடும் என் மனைவியின் அண்ணன், 1994-இல் தஞ்சாவூர் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். சாயங்காலம் கிளம்பும்போது, "அரை மணி நேரத்துல வந்துடறேன், காபி போட்டு வை" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனவர். அன்றைக்கு அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் யார் தலையிலும் இல்லை. அதற்குப் பிறகு என் மனைவி வண்டியில் பின்னால் உட்கார்ந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் பள்ளிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு நாளும் வண்டிச் சத்தம் கேட்கும் வரை வாசலில் ஒரு கண் வைத்திருந்தவர் அவர். அவரிடம் போய் லடாக் என்று சொன்னேன்.

ஒரு மாதம் பதிலே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் கிளம்புவதாகவும் இல்லை. பிறகு ஒருநாள் அவரே பட்டறைக்கு வந்தார். நான் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் மாணவியிடம் தனியாகப் போய்ப் பேசினார். ஹவில்தாரை வீட்டுக்குக் கூப்பிட்டு இட்லி போட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து நிபந்தனைகளை என் கையாலேயே எழுத வைத்தார். இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது. தலைவலி ஒரு ராத்திரியில் போகாவிட்டால் மறுநாள் இறங்கிவிட வேண்டும். மூவரில் ஒருவர் 'திரும்பலாம்' என்றால் மற்ற இருவரும் வாதாடாமல் திரும்ப வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடத்திலெல்லாம் போன். மூவரும் கையெழுத்துப் போட்டோம். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் பேங்க் கணக்கு, இன்ஷூரன்ஸ், நாமினி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அதை எழுதும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நோட்டை மூடிவைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "போயிட்டு வாங்க. ஆனா எங்கண்ணன் மாதிரி, சீக்கிரம் வந்துடறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க. மெதுவா வாங்க."

அதனால் சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருக்குப் போன் செய்து பயமுறுத்தாதீர்கள். உங்களைவிட அதிகம் யோசித்தவர் அவர். உங்களைவிட அதிகம் இழந்தவரும் அவர். அவருக்குத் தெரியாத ஆபத்து எதையும் நீங்கள் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை. பேச வேண்டும் என்று தோன்றினால் நான் இல்லாத அந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்து அவரோடு ஒருவேளை சாப்பிடுங்கள்.

ஆகஸ்டு கடைசி வாரம் கிளம்புகிறோம். செப்டம்பர் முதல் வாரம் ஸ்ரீநகர். லேவில் ஆறு நாள் முடிந்த பிறகே கார்துங் லா. அதைத் தாண்டி நூப்ராவில் இரட்டைத் திமில் ஒட்டகம். பிறகு பாங்காங் ஏரி. மாதக் கடைசியில் தங்லங் லா, பரலாச்சா லா வழியாக இறங்குகிறோம். அதற்குள் இமாச்சலில் மழையின் வேகம் குறைந்திருக்கும். பரலாச்சாவின் ஒரு பக்கம் சந்திரா, மறுபக்கம் பாகா என்று இரண்டு ஆறு பிறந்து தாண்டியில் ஒன்றுசேர்கின்றன. அதுதான் செனாப். பிறகு 2020-இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வழியாக மணாலி. பாங், சர்ச்சு பக்கத்தில் சிக்னலை நம்ப முடியாது. இரண்டு நாள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் பதற வேண்டாம்.

கணவாய்க்குப் போகாமல் பாதியிலேயே திரும்பி வந்தால் யாரும் கேலி செய்யக் கூடாது. உடம்பு சொல்வதைக் கேட்டுத் திரும்புவதும் இந்தப் பயணத்தின் பாடத்திட்டத்தில் உண்டு. கரிகாலன் இமயத்தில் போய்ப் புலிச் சின்னம் பொறித்தான் என்று நம் இலக்கியம் சொல்கிறது. எனக்கு அந்த ஆசை இல்லை. டி.என். 68 என்ற நம்பர் பிளேட் அந்த வழியாகப் போய்விட்டுப் பத்திரமாகக் கும்பகோணம் திரும்பினால் போதும்.

லே, கார்கில், ஸ்ரீநகர், மணாலி பக்கம் பணியில் இருக்கும் மாணவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். உங்கள் முகாமில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறோம். ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள். பையில் இன்னும் ஒன்றரைக் கிலோவுக்கு இடம் இருக்கிறது. முதலில் கேட்பவருக்கு நார்த்தங்காய்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர்,
சுவாமிமலை